பத்துக்கு எத்தனை

மூன்று என்றுதான் சொன்னேன். காலையில் எட்டு மணிக்குக் கேட்டபோதும் மூன்று, இப்போது இரண்டு மணி மாத்திரையோடு வந்து கேட்டபோதும் மூன்று. ஜெனிட்டா என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிற அந்த நர்ஸ் பெண் என் முகத்தையும் கையிலிருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாத்தா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பத்துக்கு எத்தனை? ஒண்ணுன்னா லேசான வலி. பத்துன்னா உங்க ஆயுசுல பட்டதிலேயே பெரிய வலி. ஆறுக்கு மேல இருந்தா ஊசி போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காரு. மூணுக்கு மாத்திரைதான்." நான் யோசித்துத்தான் சொல்கிறேன். யோசிக்காமல் ஓர் எண்ணை நான் வாயிலிருந்து விட்டதில்லை. ஆறுக்கு மேல் என்றால் ஊசி என்று அவளே சொல்லிவிட்ட பிறகு ஆறுக்கு மேல் எப்படிச் சொல்வது? ஊசிக்காகச் சொன்னது போல ஆகிவிடும். நாற்பத்தொரு வருஷம் உப்புக் கிட்டங்கியில் மூட்டை எண்ணியவன். லாரியில் இருநூற்று முப்பது ஏறியிருந்தால் இருநூற்று முப்பது என்றுதான் என் நோட்டில் இருக்கும். பத்தொன்பது வயதில் தேள் கொட்டியதே, அது ஏழு இருக்கும். பெருவிரலில் மூட்டை விழுந்து நகம் கழன்றது ஐந்து. என் வீட்டுக்காரி உலகம்மாள் நோயில் கிடந்த முப்பத்தேழு நாளில் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று வாய் திறந்து சொன்னதில்லை. மணி மட்டும் கேட்பாள். அவ்வளவு பொறுமை. அவளுக்கு வந்ததுதான் பத்து என்றால், அந்தப் பத்தையே அவள் சொல்லாமல் போயிருக்கும்போது, நாலு விலா எலும்புக்கு நான் எதைப் போய்ச் சொல்ல. மூன்றே கூடுதல். "மூணுதாம்மா" என்றேன். அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அதுவரை அசையாமல் கிடந்தால் போதும். அசையாமல் என்றால் மூச்சையும் சேர்த்துத்தான். நுனி மூச்சு விட்டால் வலி நுனியிலேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆழமாக இழுத்தால், சாக்கு தைக்கிற கோணி ஊசியை யாரோ உள்ளே இருந்து வெளியே குத்தி, சணல் நூலோடு இழுத்து, மறுபடியும் குத்துகிறார்கள். இடது பக்கம், மேலிருந்து எண்ணினால் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நாலு எலும்புக்கும் நாலு தகடு, பதினாறு திருகாணி. வெளியே தையல் இருபத்திரண்டு. கட்டு மாற்ற வந்தவரிடம் எண்ணிச் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் எண்ணினார். மூச்சை நானே எண்ணிக்கொள்கிறேன். நேற்று மதியம் நிமிஷத்துக்கு இருபத்து நாலு. இன்று காலை இருபத்தாறு. இப்போது, சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக் கடந்து போன நேரத்தில் எண்ணியது, இருபத்தெட்டு இருக்கும் போலிருக்கிறது. இது ஏறக் கூடாத கணக்கு. டாக்டர் காலையில் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "பெரியவரே, எலும்பெல்லாம் அழகா உட்கார்ந்திருக்கு. நுரையீரல்தான் அடியில மூடிக்கிட்டு வருது, சளி சேருது. நல்லா மூச்சை இழுக்கணும், இருமித் துப்பணும். அஞ்சு மணிக்கு வருவேன். அதுக்குள்ள ரெண்டு உருண்டையாவது மேல ஏறணும். இல்லேன்னா ராத்திரியே மறுபடி குழாய்தான்." படத்தில் என் இடது பக்கத்தின் அடியில் வெள்ளையாக ஒரு மேடு தெரிந்தது. உப்பு அம்பாரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தது மாதிரி.

குழாய் என்று அவர் சொன்னதிலிருந்து தொண்டைக்குள் அது இருப்பது போலவே இருக்கிறது. எச்சில் விழுங்கினால் தட்டுகிறது. அறுவைக்குப் பிறகு இரண்டு நாள் அதோடுதான் கிடந்தேன். பேச முடியாது. பிடுங்கிவிடுவேன் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெட்டி எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்குப் பதினாலு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அவ்வளவு சரியான கணக்கை என் வாழ்நாளில் யாரிடமும் பார்த்ததில்லை. ஆனால் அது என் கணக்கில்லை. நான் வேண்டாம் என்று நினைத்தாலும் மார்பு எழும்பியது, போதும் என்று நினைத்தாலும் எழும்பியது. செத்தால்கூட எழும்பிக்கொண்டிருக்குமோ என்று அப்போது ஒரு பயம் வந்து, அது மட்டும் இன்னும் போகவில்லை. பக்கத்துப் படுக்கையில் அப்படியே இருந்த ஒருவரை இரண்டாம் நாள் திரை போட்டு மறைத்தார்கள். திரை திறந்தபோது படுக்கை விரிப்பு புதிதாக இருந்தது. மறுபடி அங்கே போனால் நான் திரும்பி வரமாட்டேன். இதற்கு என்னிடம் கணக்கு இல்லை, ஆனாலும் தெரியும்.

உருண்டை. அதை எடுக்க வேண்டும். தலைமாட்டு மேஜையில் இருக்கிறது, ஒரு கையகல பிளாஸ்டிக் டப்பா, மூன்று அறை, மூன்று நீல உருண்டை, ஒரு குழல். குழலை வாயில் வைத்து இழுத்தால் உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டும். இழுத்தேன். முதல் உருண்டை பாதி எழும்பி, நடுங்கி, விழுந்தது. ஊசி குத்தியது. எங்கள் கிட்டங்கியில் லோடு ஏற்றும்போது முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்வதில்லை. நெல் அளந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவோம். லாபம், ரெண்டு, மூணு, நாலு. முதல் மூட்டையைத் தூக்கி வருகிறவன் பலகையில் கால் வைத்ததும் நான் லாபம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அந்த ஒரு சொல்லை மட்டும் தினமும் சத்தமாகச் சொல்லி, அதோடு அன்றைக்கான சத்தம் தீர்ந்துவிடும். இங்கே அந்த முதல் சொல்லையே சொல்ல முடியவில்லை. பாதி உருண்டைக்கு லாபம் சொல்ல முடியாது. அது ஏறவில்லை. ஏறாததை எண்ணக் கூடாது.

பார்க்காததை எண்ணக் கூடாது என்றுதான் அடிபட்ட அன்றைக்கும் கிட்டங்கியில் பின்பக்கம் போனேன். மூட்டை அடுக்கிய அட்டியின் முன்பக்கம் பன்னிரண்டு வரிசை, உயரம் பதினைந்து. பின்னாலும் அப்படியே இருக்கும் என்று வைத்துப் பெருக்கி எழுதிவிடுவார்கள் சின்னப் பையன்கள். நான் எழுதமாட்டேன். கண்ணால் பார்க்காத மூட்டை என் நோட்டில் ஏறாது. சுவருக்கும் அட்டிக்கும் நடுவில் ஒற்றை ஆள் போகிற சந்து. பக்கவாட்டில் நுழைந்து எண்ணிக்கொண்டே போனேன். ஏழாவது வரிசையில் மேலிருந்து நாலாவது மூட்டை கிழிந்து உப்பு ஒழுகியிருந்தது. ஒழுகிய மூட்டை சப்பிப்போனதால் மேலே இருந்தவை சரிந்தன. விழுந்தவை மூன்று. ஐம்பது கிலோ மூட்டை. கீழே கிடந்துகொண்டே அதைத்தான் எண்ணினேன், லாபம், ரெண்டு, மூணு, இனி வராது என்று. பிறகுதான் மூச்சு வரவில்லை என்பது தெரிந்தது. கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த வயதில் சந்துக்குள் போய் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. யாரோ செருப்பைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

"மணி என்ன, தொம்மை?" என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்டேன். கடிகாரம் எங்கள் இரண்டு பேர் தலைக்கும் பின்னால் சுவரில் இருக்கிறது. கழுத்தைத் திருப்பினால் விலா திரும்புகிறது. என் கைக்கடிகாரத்தை அறுவைக்கு முன் கழற்றி மகள் பகவதியிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் குளித்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நாலு மணிக்கு வருவேன் என்று வீட்டுக்குப் போயிருக்கிறாள். தொம்மை தலையணைக்கு அடியில் போனை வைத்திருக்கிறார். விசைப்படகில் போனவர். கயிறு அறுந்து தளத்தில் விழுந்து இடுப்பில் தகடு. "ரெண்டு இருபது, அண்ணாச்சி" என்றார். இருபது நிமிஷம்தானா ஆயிற்று.

தொம்மையின் கணக்கு வேறு. காலையில் ஜெனிட்டா அவரைக் கேட்டபோது, "பதினஞ்சு போடு தாயி" என்றார். "பத்துக்குத்தான் பெரியவரே" என்றாள். "பத்துக்குள்ள இது அடங்காது. கடலை வந்து குடத்துல அளந்து காட்டுன்னா நான் எங்க போவேன்? பத்துன்னே போட்டுக்க, மிச்சம் அஞ்சு நான் வச்சுக்கிடுதேன்." வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து, வரக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். சிரிப்பு, தும்மல், விக்கல், மூன்றும் எதிரிகள். ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் குறட்டை விட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. பத்துக்குப் பதினைந்து சொல்லி ஊசி வாங்கித் தூங்குகிறவர் ஒரு பக்கம், உள்ளதைச் சொல்லி விழித்திருக்கிறவன் ஒரு பக்கம். அவர் துப்புகிற சளியைப் பார்த்தேன். கெட்டியாக, நிறைய வந்தது. வலி மரத்துப்போனதால் இருமுகிறார். அவர் சொன்ன பொய்க்கு அவருடைய நுரையீரல் திறந்துகொண்டிருக்கிறது.

இருமுவதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தலையணையை மார்போடு கட்டிப்பிடித்து, இறுக்கிக்கொண்டு, இருமவேண்டும். வார்டில் பதினோரு பேர் இருக்கிறார்கள், பார்க்க வருகிறவர்கள் வேறு. நான் யாரையும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. பகவதி கல்யாணமாகி வண்டி ஏறும்போதுகூடத் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான். காலையில் கண்ணை மூடிக்கொண்டு தலையணையை அணைத்து ஒரு தடவை இருமப் பார்த்தேன். இருமல் தொண்டையிலேயே பயந்து நின்றுவிட்டது. பகவதி சொன்னாள், "அப்பா, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்கப்பா, யார் என்ன சொல்லப்போறா?" நான் மணி என்ன என்று கேட்டேன். அவள் என் கடிகாரத்தை, அவள் கையில் வளையலுக்கு மேலே தொளதொளவென்று கிடந்ததை, பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. இந்நேரம் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. அடுத்தது எட்டு மணிக்கு. எட்டுக்கு இன்னும் ஐந்தரை மணி நேரம். டாக்டர் வர இரண்டரை. "தொம்மை, மணி என்ன?" ரெண்டு முப்பத்தைந்து. மின்விசிறி சுற்றும்போது ஒரு இறக்கை மட்டும் டக்கென்று சொல்கிறது. அதை எண்ணினால் நிமிஷம் நகரும் என்று பார்த்தேன். நூற்றுப்பத்து வரை எண்ணினேன், எங்கோ விட்டுப்போயிற்று. எனக்கு எண்ணிக்கை விட்டுப்போவது, இதுதான் முதல் தடவை. உள்ளே ஏதோ களகளவென்று சத்தம் கேட்கிறது, மூச்சின் அடியில், உப்புப் பாத்தியில் தண்ணீர் நிற்பது மாதிரி. "மணி என்னவே?"

தொம்மை போனை எடுக்கவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். "இதோட ஏழு தடவை கேட்டாச்சு, காலையிலிருந்து" என்றார். "ஏழில்லை, ஆறு" என்றேன். "அதையும் எண்ணி வச்சிருக்கீரா! மணியைக் கேட்டா வலி குறையவா செய்யும்? வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லும்வே. வலிக்குதுன்னு சொல்றதுக்குப் பதிலா மணி கேக்குற மனுஷனை நான் உம்மைத்தான் பாத்திருக்கேன்." சொல்லிவிட்டு, "ரெண்டு அம்பது" என்றார். போனில் சார்ஜ் இல்லை, இனிமேல் கேட்டால் சொல்ல முடியாது என்று, போகிற வருகிற ஆயாவிடம் அதைச் சொருகிவைக்கக் கொடுத்தனுப்பினார்.

உம்மைத்தான் பார்த்திருக்கிறேன் என்கிறார். அவர் இன்னொருத்தியைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்னறையில், வடக்குச் சுவரை ஒட்டிய கட்டிலில். கடிகாரம் முன்னறையில் இருந்தது, அங்கிருந்து தெரியாது. "மணி என்னாச்சுங்க?" நான் எழுந்து முன்னறைக்குப் போய் நின்று முள்ளைப் பார்த்து, திரும்பி வந்து சொல்வேன். ஒன்று இருபது. உதவியாக இருக்கட்டும் என்று சேர்த்தும் சொல்வேன், "ரெண்டு மணி மாத்திரைக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, உலகு." அவள் "சரி" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்வாள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, அப்படியே நாலு மணி நேரத்துக்கு ஒன்றாக, நாளைக்கு ஆறு மாத்திரை. முப்பத்தேழு நாளில் ஒரு வேளைகூட ஐந்து நிமிஷம் பிந்தியதில்லை. முந்தியதும் இல்லை. அந்த டாக்டரம்மா தனியாக ஒரு சின்ன உறையில் இருபது மாத்திரை கொடுத்திருந்தாள். நடுவில் தாங்க முடியாமல் இருந்தால் ஒன்று கூடக் கொடுங்கள், பயப்படாதீர்கள் என்றாள். நான் காகிதத்தில் நேரங்களை எழுதிக்கொண்டேன். இதை எழுதவில்லை. தாங்க முடியாமல் என்பதற்கு அளவு சொல்லவில்லையே, எதை வைத்துக் கொடுப்பது? உலகு வாயைத் திறந்து கேட்டால் கொடுக்கலாம் என்று உறையை மாடத்தில் வைத்தேன். அவள் கேட்கவில்லை. மணிதான் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? நான் அதை எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணினேன், அதை எண்ணவில்லை. அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த உறையையும் என் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். "இருபதும் இருக்கும்மா. எண்ணிப் பாத்துக்கிடுங்க." அவள் எண்ணவில்லை. "இருபதுமா?" என்றாள். என் காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பகவதி இன்று பார்த்தது போலத்தான், ஆமாம், அதே போலத்தான். மெச்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு நாலு வருஷம் இருந்திருக்கிறேன். கணக்கு நேர் என்று.

உலகம்மாளும் என்னைப் போலத்தான். கேட்கக் கூசுகிறவள். பந்தியில் உப்பு வேண்டும் என்றால்கூடக் கேட்கமாட்டாள், இலையில் உப்பு வைத்திருந்த மூலையை விரலால் தொடுவாள். பக்கத்தில் இருக்கும் நான் பார்த்துச் சொல்வேன், இங்கே கொஞ்சம் உப்பு. விரலைப் பார்த்துப் புரிந்துகொண்ட எனக்கு...

"தாத்தா, ஏன் இப்படி வேர்த்திருக்கு?" ஜெனிட்டா வந்து நிற்கிறாள். விரலில் கவ்வியை மாட்டுகிறாள், பெட்டியைப் பார்க்கிறாள், அவள் முகம் மாறுகிறது. "ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழ போகுது. உருண்டை ஏறுச்சா? இருமுனீங்களா?" இல்லை என்று தலையை அசைத்தேன். "வலி எவ்வளவு? பத்துக்கு எத்தனை?" எனக்கு வாயில் வந்தது மணி என்னம்மா என்பதுதான். வந்தேவிட்டது, பாதி. "மணி..." அவள் நல்ல பெண். கேட்டதும் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போனாள். நானும் இப்படித்தான் போனேன், முன்னறைக்கு, ஒவ்வொரு தடவையும், சலிக்காமல். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத பெண்ணின் கையை. "மணி வேண்டாம்மா. வலிக்குது." என் குரல் லாபம் சொல்கிற குரலாக வந்துவிட்டது. எதிர்க் கட்டிலில் திரும்பிப் பார்த்தார்கள். "சரி தாத்தா, சரி. எத்தனைன்னு போடட்டும்?" என்றாள். "எண்ணலைம்மா" என்றேன். "வலிக்குது." அவள் அட்டையில் ஏதோ எழுதினாள். எத்தனை எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஊசி மருந்து கையில் இருந்த குழாய் வழியாக இறங்கியது. குளிர்ச்சியாக முழங்கைவரை ஏறியது தெரிந்தது. பிறகு, குத்திக்கொண்டிருந்த கோணி ஊசி குத்துவதை நிறுத்தவில்லை, ஆனால் குத்துகிற இடம் தள்ளிப்போயிற்று, பக்கத்து வீட்டில் யாரோ சாக்குத் தைப்பது போல. ஜெனிட்டாவும் ஆயாவும் என்னைத் தூக்கி நாற்காலியில், சுவரைப் பார்க்க உட்காரவைத்தார்கள். அப்போதுதான் கடிகாரம் தெரிந்தது. ஊசி போட்டது மூன்று ஐந்து என்று அவள் சொல்லி எழுதியிருந்தாள். இப்போது மூன்று பதினைந்து. பத்து நிமிஷம். இவ்வளவுதானா? மாத்திரையானாலும் அரை மணி, உலகம்மாளுக்கு அது மாடத்தில், உறைக்குள், கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. நாற்பது நிமிஷம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்த நாற்பது நிமிஷமும் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். விசிறியது நினைவிருக்கிறது. "தலையணையைப் பிடிங்க தாத்தா, வெக்கப்படாதீங்க, இறுக்கிப் பிடிங்க." பிடித்தேன். முகத்தை அதில் புதைத்துக்கொண்டு பிடித்தேன். முதல் இருமல் எலும்பை எல்லாம் உலுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் சளி வந்தது, மஞ்சளாக, ஒரு கரண்டி. "இன்னும், இன்னும்" என்றாள். கண்ணிலிருந்து வந்ததை இருமலால் வந்தது என்று அவள் துடைத்துவிட்டாள். டப்பாவை வாயில் வைத்தாள். இழுத்தேன். முதல் உருண்டை ஏறி நின்றது. இரண்டாவது பின்னாலேயே எழும்பிற்று. "ரெண்டு! ஏறிடுச்சு பாருங்க!" என்று அவள்தான் எண்ணினாள். நான் லாபம் சொல்லவில்லை.

அவள் போன பிறகு வெகுநேரம் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பெரிய முள் அசைவது தெரியாது, அசைந்த பிறகுதான் தெரியும். மூன்று நாற்பது இருக்கும்போது பின்னால் கட்டிலிலிருந்து தொம்மை கூப்பிட்டார். போன் இன்னும் வரவில்லை.

"அண்ணாச்சி, மணி என்ன?"

முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண் நாக்குவரை வந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்து, விலாவோடு சேர்த்து, முழு உடம்பையும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் திருப்பினேன். அதற்கே ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"வலிக்குதா?" என்றேன்.

"வலியா? நல்லா கேட்டீரே! டீக்காரன் வர்ற நேரமாச்சான்னு கேட்டேன்வே."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், விலா விடவில்லை. டீக்காரன் நாலு மணிக்கு வருவான். இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்ல வரவில்லை.